மெனக்கெடத் தெரியாதவர்

அசீமிடம் வழி கேட்டால் தொலைந்தீர்கள். "வாங்கண்ணே, காட்றேன்" என்று தன் செல்போன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கூடவே கிளம்பிவிடுவார். நடுவில் டீ வேறு. வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். மதுரை சிம்மக்கல் பக்கம் அவசரமாக வருகிறவர்கள் அவர் கடையைத் தாண்டிப் போய்த்தான் வழி கேட்கிறார்கள்.

கடையைப் போட்டது போட்டபடி விட்டுப் போனால் வியாபாரம் என்ன ஆகும்? படுத்துவிட்டது. மனைவி முபீனா கறாராகச் சொல்லிவிட்டார்: "மாசமானா சம்பளம் வர்ற வேலையாப் பாருங்க. இல்லாட்டி பிள்ளைகளக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை இருந்தது. வீடியோ காலில் இன்டர்வியூ. அதற்கு ஆங்கிலம் சொல்லித்தர அவருக்கு வாய்த்த மேதை நான். எட்டி எடுக்க வேண்டிய தண்ணீர் பாட்டிலைக்கூட மாணவர்களிடம் கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆசாமி.

"'கோ அவுட் ஆஃப் யுவர் வே'ன்னா, நம்ம வேலை இல்லைன்னாலும் அடுத்தவங்களுக்காக மெனக்கெடுறது. இத நிச்சயம் கேப்பாங்க" என்றேன். தெரியாத ஒருவரை ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விடுவதை உதாரணம் சொன்னேன்.

"இதுல என்ன சார் மெனக்கெட இருக்கு? இந்தா இருக்கு ஸ்டேஷன்."

வேறு உதாரணம் தேட எனக்குச் சோம்பல். அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

இன்டர்வியூ அன்று கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்த்துவைத்த போனில் மேனேஜர் தெரிந்தார். நான் கேமராவில் படாமல் ஸ்டூலில் இருந்தேன். கேள்வி வந்தேவிட்டது: வாடிக்கையாளர் யாருக்காவது மெனக்கெட்டு ஏதாவது செய்ததுண்டா? 'உண்டு, உண்டு' என்று நான் தலையாட்டியதில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. அசீம் நன்றாக யோசித்தார்.

"நோ சார். நெவர்."

பாவி மனுஷன்!

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா அரிசி மூட்டையோடு வந்து, "தம்பி, மாட்டுத்தாவணி பஸ்ஸு எங்கய்யா நிக்கும்?" என்றார்.

"ஒன் மினிட் சார்" என்று போனிடம் சொல்லிவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார் அசீம். "வாங்கம்மா, காட்றேன்." போயேவிட்டார்.

மேனேஜர் முகம் கடுத்தது. "ஹலோ? வேர் இஸ் ஹீ?"

ஸ்டூலைவிட்டு எழுந்தேன். போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, கேமராவை அந்த மூட்டையின் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.