கொமுரவ்வாவின் வட்டம்

கொமுரவ்வா பீடி சுற்றிப் பிழைப்பவள். கல்யாணமாகி ஊருக்கு வந்ததிலிருந்து தெலங்கானாவின் பூத்திருவிழாவான பதுகம்மாப் பண்டிகையில் முதல் குரல் அவளுடையதுதான். பூ அடுக்கைச் சுற்றிக் கைதட்டி அவள் ஒரு வரி பாட, பெண்கள் எல்லோரும் 'உய்யாலோ' என்பார்கள். அந்த இடம் போய்விடக் கூடாது, அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த வருடம் இளம்பெண்கள் அவளிடம் வராமல் நெசவாளர் சந்துக்குப் பாடப் போனார்கள். அங்கே இருந்தவள் சுகுணா. புருஷன் செத்தபின் அவளை யாரும் பண்டிகைப் பூவைத் தொட விட்டதில்லை. அவள் தன் வாசலில் தானே ஆவாரம்பூ அடுக்கிப் பாடினாள். கொமுரவ்வாவின் மகள் ஸ்ரவந்தியும் அங்கேதான்.

"அங்க என்னடி இருக்கு, எங்கிட்ட இல்லாதது?"

"அங்க நாங்களும் புதுசா பாடலாம்மா. நீ புருஷனுக்கு அடங்கின சீதையையே பாடுற. நாங்க கிளிப்பிள்ளையா?"

 கொமுரவ்வா நேரே ஊர்த் தலைவரான பட்டேலிடம் போனாள். "தாலி இழந்தவ பூவத் தொட்டா ஊருக்கு ஆகுமா அய்யா?" அவருக்கு அது போதும். சுகுணா வீட்டைவிட்டு வரக்கூடாது என்று தண்டோரா போட்டார். சுகுணாவோடு ஒரே முறத்தில் பீடி இலை வெட்டுகிறவள் கொமுரவ்வா. தீட்டை அவள் நம்பியவளே இல்லை. சாஸ்திரம் என்பது பல சமயம் யாரோ ஒருவரின் வயிற்றெரிச்சலுக்கு மாட்டிய சட்டைதான். இந்தப் பட்டேல்தான் போன மாதம் மேடையேறி, இளசுகளுக்குப் பண்பாட்டில் அக்கறையில்லை என்று அழுதவர்.

பண்டிகையின் கடைசி நாள் சாயங்காலம். குளத்தங்கரையில் கொமுரவ்வா பாட, நாலைந்து கிழவிகள் முனகினார்கள். பெண்கள் கரையில் உட்கார்ந்து செல்போன் நோண்டினார்கள்.

"எந்திரிங்கடி!"

"சுகுணாக்கா வந்தா எந்திரிப்போம்" என்றாள் ஸ்ரவந்தி.

கொமுரவ்வா பாட்டைப் பாதியில் விட்டு, நெசவாளர் சந்துக்கு நடந்தாள்.

"சுகுணா, பூவ எடுத்துட்டு வா."

"ஆகாதுன்னு சொன்னது நீதானே வதினா?" அண்ணி முறையில் அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நான்தான். உள்ள உக்காந்தே எல்லாரையும் பறிச்சிட்டியே! வெளிய வாடி, ஊர் பார்க்க உன்னப் பாட்டுல ஜெயிக்கணும்."

"பட்டேல்?"

"அந்தாளு ஒரு நாளாவது பூப் பறிச்சிருக்கானா?"

சுகுணாவைக் கண்டதும் கரையில் பட்டேல் வாயைத் திறந்தார். "உங்க வேட்டியில சேறு அய்யா, வீட்டுக்குப் போங்க" என்றாள் கொமுரவ்வா. பெண்கள் சிரிக்க, அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

இரண்டு வட்டம். சுகுணாவுடையது பெரிசு.

"காலேஜு பஸ்ஸு உய்யாலோ, கை காட்டியும் நிக்கல உய்யாலோ!"

கொமுரவ்வாவுக்கு எரிந்தது. நல்ல வரி, அதுதான் எரிச்சல். உடனே எடுத்துவிட்டாள்:

"பீடிக் கம்பெனி ஜீப்பு உய்யாலோ, கூலி கேட்டா நிக்கல உய்யாலோ!"

"வதினா, அது என் வரி!"

"பாட்டு உங்கப்பன் வீட்டுச் சொத்தாடி?"

சுகுணாவின் வட்டத்திலிருந்தே சில பெண்கள் சிரித்துக்கொண்டு கொமுரவ்வாவுக்கு 'உய்யாலோ' சொன்னார்கள். ஸ்ரவந்தியின் குரலும் அதில் இருந்தது. சுகுணாவின் முகம் சுருங்கியது. கொமுரவ்வா அதைப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் ஏற்றினாள்.