பதினொரு செடிகள்

காலை ஏழு மணிக்கு ஆர்லீன் எல்ட்ரிட்ஜ் தெருப்பக்க வேலியோரமாகக் குனிந்து குனிந்து நகர்கிறாள். இறந்துபோன கணவனின் ரப்பர் பூட்ஸ், பாக்கெட் கிழிந்த சட்டை, ஒரு கையில் மட்டும் உறை. ஒவ்வொரு ஹைட்ரேஞ்சியாச் செடியின் முன்னும் நின்று, பழைய தண்டின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் மொட்டு பிழைத்திருக்கிறது. பொடிந்தால் குளிர் தின்றுவிட்டது. நாற்பது வருடமாக மே மாதக் காலைகளில் அவளுக்கு இதுதான் முதல் வேலை. மொத்தம் பதினான்கு செடிகள். இந்த வருடம் கடைசி மூன்றில்தான் விரலுக்கு வேலை இருக்கிறது. முதல் பதினொன்றின் முன்னும் குனிந்து, வழக்கமான நேரம் நின்று, வெறுங்காற்றை அழுத்திவிட்டு நிமிர்கிறாள். யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கேப் காட் கடற்கரைக்குக் கோடையில் மட்டும் வந்து போகிறவர்களின் தோட்டங்களைப் பார்த்துத்தான் அவள் பிழைத்தாள். எழுபத்தாறு வயது. பந்து பந்தாக நீலம் பூக்கும் இந்தச் செடியைப் பற்றி அவளிடம் கேட்காமல் அந்தத் தெருவில் யாரும் ஒரு கூடை மண்கூடப் போட்டதில்லை. நீலம் வெளுத்தால் படிகாரத்தூளும் பேக்கரியில் கேட்டு வாங்கிய காப்பிச் சக்கையும். கடையில் விற்கும் நீல உரத்தைக் கண்டால் மூக்கைச் சுளிப்பாள். செடியோடு பேசுகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது. "அதுக்கு அதோட வேலை இருக்கு. உனக்கும் ஏதாவது இருக்கும், போய்ப் பாரு" என்பாள்.

அவளுடைய மற்றொரு பேச்சும் ஊருக்கே தெரியும். "கோடைக்கு வர்ற பாஸ்டன்காரங்களுக்குக் காஞ்ச குச்சியப் பார்த்தா கை அரிக்கும். செத்த குச்சின்னு நினைச்சு மட்டமா வெட்டிடுவாங்க. ஜூலை வந்ததும் எனக்கு போன் போட்டு, 'ஆர்லீன், ஒரு பூகூட வரலியே'ன்னு அழுவாங்க. போன ஆகஸ்ட்லயே இந்த வருஷப் பூ அந்தக் குச்சிக்குள்ள வந்து உக்காந்தாச்சு. அதத்தான் குப்பைல போட்டீங்க. இனி பச்சையப் பார்த்துக்கிட்டு இருங்கன்னு சொல்லி போனை வெச்சிடுவேன்." சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அவள் கதவைத் திறந்தபோது பதினொரு செடிகள் முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டமாக வெட்டப்பட்டிருந்தன. யாரோ விடலைகள் செய்த வேலை என்று நினைத்து போலீசைக் கூப்பிட போனைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு கைவண்டியைப் பார்த்தாள். வெட்டிய குச்சிகள் அதில் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கட்டிலும் மீன்பிடிப் படகுக்காரர்கள் போடும் முடிச்சு. அவள் கணவன் கற்றுக்கொடுத்த முடிச்சு. பன்னிரண்டாவது செடியில் ஒரு தண்டு பாதி அறுபட்டுத் தொங்கியது. கத்தரி அவள் சட்டைப் பையிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை என்ன செய்தோம் என்று கைவண்டியின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தாள். காலையில் டீ குடித்தது நினைவிருந்தது. மாலைச் செய்தி பார்த்தது நினைவிருந்தது. நடுவில் எதுவுமே இல்லை. சாவி எங்கே வைத்தோம் என்று மறந்தால் தேட ஓர் இடமாவது இருக்கும். இதில் தேட இடமே இல்லை.

குச்சிகளை எரிக்கவில்லை, புகை தெரியும். ஊர்க் குப்பைக்கிடங்குக்கு எடுத்துப்போகவில்லை, அங்கே இருக்கும் ஆள் ஹைட்ரேஞ்சியாக் குச்சியைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவான். பதினொரு கட்டுகளையும் வீட்டின் நிலவறைக்குள் இறக்கி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினாள்.

அவள் மகள் டோனா வூஸ்டர் நகரத்தில் இருக்கிறாள். இரண்டு விஷயம் டோனாவுக்கு ஏற்கெனவே தெரியும். டிசம்பரில் அடுப்பில் வைத்த கெட்டில் கரியாகி, புகை மணி அலறி, தீயணைப்பு வண்டி வந்தது. பிப்ரவரியில் ஆர்லீன் பதினைந்து வருடத்துக்கு முன் வேலை பார்த்த வீட்டுக்குப் போய், தன் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு டோனா போனில் பேசினாள்.

"அம்மா, நான் சண்டைக்கு வரல. இன்னும் ஒரே ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னா நீ இங்க வந்துடணும். நல்ல இடமா பார்த்து வெச்சிருக்கேன். தோட்டம்கூட இருக்கு."

"எவ்ளோ பெரிய தோட்டம்?"

"இடுப்பு உயரத்துல பெட்டி பெட்டியா வெச்சு மண்ணு போட்டிருக்காங்க. நீ குனியவே வேண்டாம்."

"சவப்பெட்டியும் அந்த உயரத்துலதான் வெப்பாங்க."

டோனா சிரிக்கவில்லை. "ஜூலை நாலாம் தேதி வரேன்" என்றாள். சுதந்திர தின விடுமுறையான அந்த நாளில் ஒவ்வொரு வருடமும் அவள் வருவாள். பூத்த வேலியின் முன் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுப்பாள். அந்த வேலியோரம் தவழ்ந்து வளர்ந்தவள். பூவே இல்லாத பச்சையைப் பார்த்தால் யார் என்ன செய்தார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

ஆர்லீன் வியாதியின் பெயருக்குப் பயப்படுகிறவள் அல்ல. நினைவு தப்பிப்போன மாமியாரை ஆறு வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கை மாற்றிப் பார்த்தவள். அதனால் அவளுக்கு வரிசை தெரியும். முதலில் அடுப்பு, பிறகு சாவி, பிறகு நேற்று, பிறகு ஆட்களின் பெயர், அதற்கப்புறம் கழிப்பறை எந்தப் பக்கம் என்பது. இந்த வரிசையில் மூன்றைத் தாண்டியாயிற்று என்பதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. இப்போது கத்தரியைக் காரின் பின்பெட்டியில் பூட்டி வைக்கிறாள். கார்ச் சாவி மாவு டப்பாவில் இருக்கிறது. மாவு டப்பா என்று எழுதிய சீட்டு பைபிளுக்குள் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்குள் தனக்குத் தெளிந்துவிடும் என்பது கணக்கு. தன் கைகளையே திருடனைப்போல் வெளியே வைத்துப் பூட்டும் வேலை இது. பகலில் சில சமயம் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

தெருவில் வருடம் முழுக்க ஆள் இருக்கும் வீடுகள் இரண்டுதான். எதிர்வீட்டு லூர்தெஸ் ஃபுர்ட்டாடோ இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு மூன்று மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு மே முதல் வாரம் திரும்பினாள். வந்த மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு தன் ஒன்பது செடிகளின் பக்கத்தில் நின்று குரல் கொடுத்தாள்.

"ஏண்டி ஆர்லீன், உன் செடியெல்லாம் என்னடி இவ்ளோ குட்டையா நிக்குது? உன்ன மாதிரியே சுருங்கிடுச்சா?"

"குளிர் ஜாஸ்தி. நுனி கருகிடுச்சு."

"என்னுது ஒண்ணும் கருகலியே. குளிர் ரோட்டைத் தாண்டி வரலியாக்கும்."

"உன் வாய்க்குப் பயந்திருக்கும்."

லூர்தெஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆர்லீன் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தன் செடிகள் பூக்காதது மட்டும் என்றால் குளிரின்மேல் பழி போடலாம். எதிர்ப்பக்கம் ஒன்பது செடிகள் நீலமாகக் குலுங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பொய் ஒரு நிமிடம்கூட நிற்காது.

அன்றிலிருந்து அவள் வானிலைச் செய்தியை வேறு காதால் கேட்டாள். நாற்பது வருடமாக எது வரக்கூடாது என்று கேட்டாளோ அது வந்தால் நன்றாக இருக்கும். மே பதினெட்டாம் தேதி மதியம் வந்தது. இரவு உறைபனி, மொட்டு விட்ட செடிகளை மூடிவையுங்கள் என்றார்கள் வானொலியில். மட்டிச் சூப்பைச் சூடு பண்ணி, வழக்கமாக நின்றுகொண்டே சாப்பிடுகிறவள், அன்று உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இந்த ஊரில் உறைபனி என்றால் பீரோவின் அடித்தட்டில் இருக்கும் பழைய பெட்ஷீட்டுகள் வெளியே வரும். தரையைத் தொடும்படி மூடி, மண்ணின் சூடு வெளியேறாமல் துணிக் கிளிப்பு போட வேண்டும். நான்கு மணிக்கு ஆர்லீன் பதினான்கு செடிகளையும் மூடினாள். மொட்டே இல்லாத பதினொன்றையும் விடவில்லை. கிளிப்பைக்கூட இடம் பார்த்துப் போட்டாள்.

எதிரே லூர்தெஸ் தாழ்வாரத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்ன உக்காந்துட்ட? மணியாகுது" என்றாள் ஆர்லீன்.

"மூட என்ன இருக்கு? நான் இல்லாத சமயத்துல மருமக வீட்டைச் சுத்தம் பண்ணினாளாம். பழைய பெட்ஷீட்ட எல்லாம் சர்ச்சுக்குக் குடுத்துட்டா. இருக்கறது கட்டில்ல இருக்கற ஒண்ணுதான்."

"பசங்க யாரையாவது கூப்பிட வேண்டியதுதானே."

"நியூ பெட்ஃபோர்ட்ல இருந்து வர்றதுக்குள்ள விடிஞ்சிரும். விடுடி. ஒரு வருஷம் பூக்காட்டி என்ன, நானே பாதி இரும்பாகி வந்திருக்கேன். நீ உன்னுதப் பாரு, உள்ள போ, குளிருது."

ஆர்லீன் உள்ளே போனாள். மேசையில் உட்கார்ந்தாள். இனி எதுவும் செய்யத் தேவையில்லை என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஜூலை நான்காம் தேதி டோனா வருவாள். இந்தப் பக்கம் கடைசி மூன்று போக எல்லாம் பச்சை, அந்தப் பக்கமும் பச்சை. மே மாசப் பனிடி, மூடினதும் போச்சு, மூடாததும் போச்சு என்று லூர்தெஸே சாட்சி சொல்வாள். வீடு இன்னொரு வருடம் தன்னிடம் இருக்கும். இந்த மேசை இருக்கும். செய்யவேண்டியது இருட்டும்வரை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்களின் நுனி அசைந்துகொண்டிருந்தது. பிறகு அசைவு குறைந்தது. பிறகு நின்றது. காற்று அடங்கினால்தான் உறைபனி இறங்கும். எதிர்ப்பக்கத்து ஒன்பது செடிகளிலும் பட்டாணி அளவுக்கு மொட்டு வந்திருப்பதை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள்.

எழுந்து வெளியே வந்தாள். முதல் செடியின் கிளிப்புகளைக் கழற்றினாள். விரிப்பை உருவித் தோளில் போட்டாள். இரண்டாவது, மூன்றாவது. எட்டாவதற்குமேல் தோள் கொள்ளாமல் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, ஒன்பது விரிப்புகளோடு ரோட்டைத் தாண்டினாள்.

லூர்தெஸ் வாக்கரை இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். "உனக்குப் பைத்தியமாடி? அப்ப உன் செடிக்கு?" என்று கேட்டபடியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். மாலை வெயிலில் ஒன்பது செடிகள் மூடாமல் நின்றன. அத்தனையும் ஒரே உயரம். தண்டுகளின் தலை, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் மட்டமாக இருந்தது. லூர்தெஸும் நாற்பது வருடமாக இந்தச் செடி வளர்க்கிறவள். பனி இப்படி மட்டமாக வெட்டாது என்று அறிந்தவளின் பார்வை ஆர்லீனின் கைகளுக்கு வந்தது.

ஆர்லீன் பல்லுக்கிடையில் மூன்று கிளிப்புகளைக் கடித்தபடி ஆமாம் என்று ஒரே ஒரு முறை தலையை ஆட்டினாள். பிறகு விரிப்பை உதறி விரித்து, அதன் மறுமுனையை லூர்தெஸின் கையில் கொடுத்தாள்.