தவறான முகவரிகளும் என் குறிப்பேடும்

"ஐப்பசி, இரண்டாவது செவ்வாய், காலை 11.10. தவறான முகவரி. பிரவுசர் நின்றது நாற்பத்தொரு வினாடி. வரிசையில் ஐந்து பேர். இயக்குபவரின் கவனக்குறைவு."

இது என் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருக்கும் பதிவு. அந்த மாதத்தில் மட்டும் இதுபோல் பதினேழு பதிவுகள் உள்ளன. வினாடிகளைக் கைக்கடிகாரம் பார்த்துத்தான் எழுதினேன். அவை சரி என்று இன்றும் சொல்வேன். கடைசி இரண்டு சொற்கள்தான் பொய்.

அன்னவாசலில் எங்கள் வாசகர் மன்றத்துக்கு ஓர் அறை உண்டு. நான் அதன் செயலாளர். அரசு அலுவலகப் பதிவறையில் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். தேதி போடாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. எந்தக் கண்மாய் எப்போது நிரம்பியது, எந்த டவுன் பஸ் எப்போது நின்றுபோனது என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். மன்றத்தில் நாளிதழ்களோடு ஒரு கணினியும் வைத்திருந்தோம். விண்ணப்பம் போட, மதிப்பெண் பார்க்க, சான்றிதழ் எடுக்க என்று தினமும் ஆட்கள் வருவார்கள். கணினியை இயக்க, சித்தன்னவாசல் போகும் சாலையிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். கணவர் குவைத்தில் வேலை பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் இணைய முகவரி சீட்டில்தான் வரும். சென்னையிலிருந்து மகன் போனில் சொல்லச் சொல்ல, அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவார். பள்ளிப் பலகையில் இருந்ததைப் பிள்ளைகள் அவசரமாக எழுதி வந்திருப்பார்கள். ஒரு புள்ளி குறையும், ஓர் எழுத்து கூடும். தேடுபொறியில் தேடினால் போலித் தளங்கள் வருகின்றன; எனவே சீட்டில் உள்ளதையே அடிக்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி. அறிவிப்புப் பலகையில் அதை எழுதி ஒட்டியவன் நான்.

முகவரி தவறாக இருந்தால், இல்லை என்று கணினி உடனே சொல்லிவிட வேண்டும். எங்கள் கணினி சொல்லாது. வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முக்கால் நிமிடம் போனபிறகுதான் 'தளம் கிடைக்கவில்லை' என்று வரும். ஒரு சீட்டில் இருப்பதை மூன்று விதமாக அடித்துப் பார்க்க வேண்டியிருந்தால் இரண்டு நிமிடம் போய்விடும். வாசலில் நிற்பவர்கள் முனகத் தொடங்குவார்கள்.

"என்ன தங்கச்சி, கம்ப்யூட்டருக்கு நைட் டூட்டியா? இப்புடி அசந்து தூங்குது?" என்பார் உரம் வாங்கப் பதிவு செய்ய வந்த ஒருவர்.

"நீங்க எழுதியாந்த அட்ரஸப் படிச்சு மயங்கிக் கெடக்குண்ணே," என்பார் அந்தப் பெண். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மதிய வேளையில் அவர் கணவரோடு வீடியோவில் பேசுவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதற்காக எதையோ கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார், அதுதான் வேகத்தைக் குறைக்கிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

"நான் போன்லதான் சார் பேசுறேன். இதுல இல்ல," என்றார். பிறகு சொன்னார்: "சார், ஒண்ணு கவனிச்சீங்களா? சரியா அடிச்சா ஒடனே தொறக்குது. தப்பா அடிச்சா மட்டுந்தான் நிக்கிது. மெதுவா இருந்துச்சுன்னா எல்லாத்துக்குந்தானே மெதுவா இருக்கணும்? உள்ள ஏதோ இருக்கு. ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க."

"தப்பா அடிக்காம அடிங்கம்மா. அம்புட்டுத்தான்," என்றேன்.

அன்றைய குறிப்பில் அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் 'சாக்கு' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன்.

கார்த்திகை முதல் ஞாயிறு நிர்வாகக் குழு கூடியது. ஒன்பது பேர் வந்திருந்தோம். கதவோரம் ஒரு நாற்காலியில் அவரும் இருந்தார். பதினேழு பதிவுகளையும் தேதியோடும் வினாடியோடும் வாசித்தேன். துணைத் தலைவர், கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், என்னைக் கிண்டல் செய்தார்: "நாம எத்தன தடவ தும்முனோம்னும் அதுல இருக்கும்யா. சூதானமா இருங்க." ஆனால் தேதி போட்ட குறிப்பை யாரும் மறுக்கவில்லை. வேறு ஆள் பார்ப்பது என்று முடிவானது. அந்தப் பெண் எழுந்து வந்தார். சாவியை மேசைமேல் வைத்தார். "வாரேன் சார்," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆள் கிடைக்கும்வரை நானே கணினியில் உட்கார்ந்தேன். முதல் நாளே ஒரு சீட்டில் எழுத்து விட்டுப்போயிருந்தது. வட்டம் சுற்றியது. நாற்பது வினாடி. மறுநாளும் அதே கதை. சரியான முகவரி என்றால் இரண்டு வினாடியில் திறந்தது. மூன்றாம் நாள் புதுக்கோட்டையிலிருந்து பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். இல்லாத முகவரி ஒன்றை வேண்டுமென்றே அடித்துப் பார்த்தார். பிறகு நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்து ஒரு வரியில் விரல் வைத்தார்.

"இங்க ஒரு பேரு போட்டிருக்கே, இது யாருது சார்?"

அது என்னுடையது. ஊர் வரலாற்றுக் குறிப்புகளுக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் நான் ஓர் இணையதளம் தொடங்கியிருந்தேன். மன்றத்துக்கு வருபவர்கள் 'கண்மாய்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தாலே என் தளத்தின் கண்மாய்ப் பக்கம் திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு கணினிப் பத்திரிகையைப் பார்த்து அந்த வரியை நானே சேர்த்தேன். அடித்த பெயர் கிடைக்காவிட்டால், அதன் வாலில் என் தளத்தின் பெயரை ஒட்டி மறுபடி தேடு என்பது அதன் பொருள்.

"ஒங்க சைட்டுக்குப் பதில் சொல்ற மெஷினு செத்துப்போச்சு சார். பேரு மட்டும் ஒங்க பேர்ல இருக்கு. தப்பா ஒண்ணு அடிச்சா, இது அங்கிட்டுப் போயி கேட்டுக்கிட்டு நிக்கிது. அது பதிலே சொல்ல மாட்டேங்கிது. இதுவும் விடாமக் கேக்குது," என்றார்.

அந்த வரியை அழித்தார். மறுபடி தவறாக அடித்தார். 'தளம் கிடைக்கவில்லை' என்று அந்தக் கணமே வந்தது.

அவர் போனபின் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். தளம் தொடங்கிய நாள் இருந்தது. வாழ்த்திய நண்பர்களின் பட்டியல் இருந்தது. கணினியில் அந்த வரியைச் சேர்த்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறர் செய்ததற்கு வினாடிக் கணக்கு வைத்தவன், தான் செய்ததை எழுதவில்லை.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். திரும்ப வர வேண்டும் என்றும் கேட்டேன்.

"அது வேணாம் சார். ஒண்ணு மட்டும் செய்யிங்க. கூட்டத்துல வாசிச்சீங்கல்ல? அதே மாதிரி கூட்டத்துல இதையும் வாசிங்க. தேதியெல்லாம் போட்டு." பிறகு, "பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்க பிரவுசிங் சென்டர்ல வேல கேட்டேன். 'மன்றத்துல வேகம் பத்தலன்னு அனுப்பிட்டாங்களாமே'ன்னு சொல்லிட்டாங்க," என்றார்.

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கையிலேயே பிடித்திருந்தேன்.

மார்கழி முதல் ஞாயிறு கூட்டத்தில் திருத்தத்தை வாசித்தேன். பதினேழு பதிவுகளுக்கும் பதினேழு திருத்தங்கள். ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். நாலாவதிலேயே பாத்திரக்கடைக்காரர், "புரிஞ்சுபோச்சு சார், விடுங்க," என்றார். விடாமல் கடைசிவரை வாசித்தேன்.

மறுநாள் பிரவுசிங் சென்டருக்கும் போனேன். உரிமையாளர் எனக்குப் பழக்கமானவர். பல மாலைகளில் பக்கத்துக் கடையில் சேர்ந்து டீ குடித்திருக்கிறோம். தவறு என்னுடையது, அந்தப் பெண்ணின் வேலையில் குறையே இல்லை என்று சொன்னேன். ஏற்கெனவே வேறு ஆள் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்.

"வேகம் பத்தலன்னு ஒங்ககிட்ட யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "யாரோ டீக்கடையில பேசிக்கிட்டாங்க. நீங்களாக்கூட இருக்கும் சார். நெனப்பில்ல."

கார்த்திகையில் அவரோடு டீ குடித்ததாக மூன்று நாள்களில் பதிவு இருக்கிறது. நேரமும் இருக்கிறது. என்ன பேசினேன் என்று எதிலும் எழுதவில்லை. சொன்னவன் நான்தானா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.