பேக்கரிக்கும் சிக்னலுக்கும் நடுவில்

பிப்ரவரி ஒன்பது, திங்கட்கிழமை. காலை ஆறு மணி இருபது நிமிடம். கைப்பேசியில் எடுக்காத அழைப்புகள் பதினொன்று. ஆறரைக்கு முன்னால் போனைத் தொடக்கூடாது என்பது என் புத்தாண்டுத் தீர்மானங்களில் ஒன்று. அன்று பத்து நிமிடம் முன்னதாகவே தொட்டுவிட்டேன். அழைத்தவர்கள் எல்லோரும் அலுவலகத்துக்காரர்கள். திருப்பி அழைத்தேன். எங்கள் சீனியர் டெக்னீஷியன் எடுத்தார். "பாஸ்கர் இல்லடா. ராத்திரி தூக்கத்துலயே போய்ட்டாரு. செம்பாக்கம் வந்துடு" என்றார்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு பாஸ்கர் அண்ணனைக் குரலாகத்தான் தெரியும். லிஃப்ட் நின்றுவிட்டது என்று எங்கள் பம்மல் அலுவலகத்துக்கு நீங்கள் கூப்பிட்டால் எடுக்கும் குரல். யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் அவர். அனுப்பிய இடத்துக்குப் போய் லிஃப்டைச் சரி செய்கிறவன் நான். அவரை மகான் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. ஒன்பதரை மணி அலுவலகத்துக்கு அவர் ஒன்பதரைக்கு வந்து நான் பார்த்ததில்லை. மத்தியானத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே தூங்குவார். ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் மட்டும் அவர் வைத்ததுதான் எங்களுக்குச் சட்டம்.

புத்தாண்டுக்குப் பிறகு அலுவலகம் திறக்கும் முதல் நாள், கீழே இருக்கும் டீக்கடையில் எல்லோரும் நிற்போம். இந்த வருடம் என்ன செய்யப் போகிறோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் "இவ்ளோதானா?" என்று சிரித்தால் அது தேறியது. சிரிக்காவிட்டால் இலக்கு பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். குறைத்துக்கொண்டு மறுபடி சொல்ல வேண்டும். இது அவர் வைத்த முறை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இது எனக்குத் தெரியாது. லேப்டாப்பில் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். ஜெர்மன் மொழி, அரை மாரத்தான், புது வேலை, எல்லாவற்றுக்கும் மாத வாரியாக அளவு. டீக்கடையில் நின்று வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இன்னா இன்ஜினியரு, இது கவர்மென்ட் பட்ஜெட்டா?" என்றார் அண்ணன். "ஒருத்தனும் சிரிக்கலியே. தேறாது. கொறை."

எனக்குக் கோபம் வந்தது. "சின்னதா வெச்சா சின்னதாவே இருந்துட வேண்டியதுதாண்ணா."

"பெருசா வெச்சா பிப்ரவரில மறந்துடுவ. யாரும் கேக்க மாட்டாங்க, ஒனக்கும் வசதியாப் பூடும். சின்னதுன்னா மறக்கறதுக்கே வெக்கமா இருக்கும் பாரு."

நான் குறைக்கவில்லை. அட்டவணையை மூடிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஜெர்மன் பிப்ரவரி வரைக்கும் கூடத் தாங்கவில்லை என்பதை அவரிடம் நானாகச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த வருடம் அவர் சொன்னது இது: "'அஞ்சு நிமிஷத்துல ஆள் வந்துடும்'னு இனிமே சொல்ல மாட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தொழிலில் அந்த வாக்கியம் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆள் பொழிச்சலூரில் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். ராஜகீழ்ப்பாக்கத்துக்காரரிடம் ஐந்து நிமிடம் என்போம். அவர் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார். "நாப்பது நிமிஷம் ஆவும் சார்." ஏச்சு வாங்கினார். மேலாளர் கூப்பிட்டுத் திட்டினார். ஒரு நாள் சேலையூர் குடியிருப்பு ஒன்றுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, நான்காவது மாடிப் பெரியவர் தெருமுனையிலிருந்து நிதானமாக நடந்து வந்தார். "நாப்பது நிமிஷம்னு சொன்னாரு தம்பி. அதான் போய் ரெண்டு இட்லி சாப்ட்டு வந்துட்டேன். முன்னல்லாம் இங்கயே படிக்கட்டுல ஒக்காந்து ரோட்டையே பாத்துகினு இருப்பேன்." அலுவலகம் திரும்பியதும் அண்ணனிடம் சொன்னேன். "இட்லிக்கு சட்னி இன்னான்னு கேட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

எல்லாவற்றிலும் அவர் ஜெயித்ததாக நினைக்க வேண்டாம். அடுத்த வருடம், மச்சான் வீட்டு விசேஷத்தில் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன் என்றார். சித்திரையிலேயே ஒரு காதுகுத்தில் தோற்றுப்போனார். "சாம்பார் வரைக்கும் தாங்கினேம்பா. ரசத்துல வுட்டுட்டேன்." மறுநாளிலிருந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். தோற்றதற்காக ஒரு இலக்கை அவர் தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அது புரியாது. என் அட்டவணையில் ஒரு கட்டம் சிவப்பானால் முழு அட்டவணையையும் அழித்துவிடுகிற ஆள் நான்.

இந்த ஜனவரியில் அவர் சொன்னது: "கலா ஸ்கூட்டர் ஓட்டிகினு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரைக்கும் போய்த் திரும்பி வரணும். நான் பின்னாடி ஒக்காந்துகினு வருவேன்." செம்பாக்கத்தில் அவர் வீட்டிலிருந்து சிக்னலுக்கு ஷேர் ஆட்டோ ஏறினால் உடனே இறங்க வேண்டியதுதான், அவ்வளவு பக்கம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் மனைவி கலா அண்ணிக்கு சேலையூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. தினமும் காலையில் அவரைக் கடையில் விட்டுவிட்டு அண்ணன் பம்மல் வருவார். அண்ணனுடைய தாமதத்துக்குக் காரணம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அண்ணி எல்எல்ஆர் எடுத்தாயிற்று, தெருவுக்குள் நன்றாகவே ஓட்டுகிறார். சிக்னல் கண்ணில் பட்டால் மட்டும் வண்டியை ஓரம்கட்டி இறங்கிவிடுகிறார் என்றார்.

திங்கட்கிழமைதோறும் அறிக்கை வரும். "தெருமுனை தாண்டியாச்சு." அடுத்த வாரம், "மெயின் ரோடு ஏறியாச்சு." கடைசி வெள்ளிக்கிழமை கிளம்பும்போது சொன்னார்: "சிக்னலுக்கு முன்னாடி பேக்கரி கீது பாரு, அது வரைக்கும் வந்துட்டா. ஞாயித்துக்கெழம சிக்னல்." அந்த ஞாயிறு அண்ணனுக்கு நெஞ்சு கரிக்கிறது, சரியாகச் சாப்பிடவில்லை என்று இருவரும் போகவில்லை. அன்று இரவு அவர் இறந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அலுவலக மேசையில் இருந்த அவருடைய டீ டம்ளரையும் ஸ்வெட்டரையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனேன். வாசலில் ஸ்கூட்டரை ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் தம்பி கூட்டி வந்த ஆள்.

"சும்மா நின்னா பேட்டரி பூடும்கா. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்னு சொல்றாரு. நீ ஆட்டோல போய்க்க" என்றார் தம்பி.

அண்ணி என் பக்கம் திரும்பினார். பையை வாங்கிக்கொண்டு, என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பேக்கரி வரைக்கும் போய்ட்டோம் தம்பி. சிக்னல் போகல."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "அப்ப விக்காதீங்க அண்ணி. நான் வரேன்" என்றேன்.

"நீயா? ஒனக்குப் பொறுமையே இல்லன்னு சொல்வாரு. லிஃப்ட் கதவு மூடறதுக்குள்ள மூணு தரம் பட்டன அமுக்குவியாமே. என்னப் பாத்துக் கத்துவ."

"கத்த மாட்டேன். பின்னாடி ஒக்காந்துகிட்டு வாயத் தெறக்காம வரேன். இந்த வருஷத்துக்கு அதான் என்னோடது. வேற ஒண்ணும் கெடையாது."

அண்ணி என்னைப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்றார். சிரித்தும்விட்டார். பிறகு புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். உள்ளே உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே நின்ற ஆளிடம் தம்பி ஏதோ சொல்லி அனுப்பி வைத்தார்.

அப்படி என் இலக்கு தேறியது. தேர்வு வைத்தவர் இல்லை, முறை இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். லேப்டாப்பில் இருந்த அட்டவணையை அழித்துவிட்டேன், இந்தத் தடவை கோபமில்லாமல். அதற்குப் பதிலாக:

1. ஞாயிறு காலை செம்பாக்கம் போவேன். வண்டியைக் கிளப்பிய பிறகுதான் "கிளம்பிட்டேன்" என்று சொல்வேன்.

2. ஸ்கூட்டரில் பின்னால் உட்காருவேன். பேக்கரி வரும்போதும் வாயைத் திறக்க மாட்டேன்.

3. அண்ணி ஓரம்கட்டி இறங்கினால் நானும் இறங்கி நிற்பேன். எவ்வளவு நேரம் என்று கேட்க மாட்டேன்.

4. சிக்னல் போகவில்லையென்றால், அடுத்த ஞாயிறு ஒன்றாம் எண்ணிலிருந்து.