ஒரு ஸ்பூன் சோடா

திருத்தணி மலையடிவாரத்தில் அம்சாவும் அவள் கணவன் குணசேகரனும் கல்யாணமான நாளிலிருந்து எலுமிச்சை சோடா விற்கிறார்கள். அத்தை மகன் என்பதால் இன்றைக்கும் அவளுக்கு அவன் பாவாதான். இருவருக்கும் தினமும் நடக்கும் சண்டை உப்பைப் பற்றியது. எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கரைத்துவிட்டு அப்புறம் சோடாவை ஊற்ற வேண்டும் என்பாள் அம்சா. அவன் கேட்டால்தானே! சோடாவை ஊற்றிவிட்டுக் கடைசியில்தான் ஒரு சிட்டிகை உப்பைப் போடுவான். டம்ளர் நுரைத்து எழும்.

"பொங்கறத்துக்குள்ள குடி சாமி" என்று காவடி எடுத்து இறங்கி வருகிறவர்களிடம் நீட்டுவான்.

"கேஸெல்லாம் காத்துல போவுது. இன்னாத்த குடிப்பாங்க?" என்று அவள் வைவாள். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டிலைத் திறப்பான்.

மாசியில் ஒருநாள் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் மெல்லத் தேறின. தொண்டை மட்டும் விழுங்குவதை மறந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தால் புரையேறியது. மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி இறக்கினார்கள். அரக்கோணத்து ஆஸ்பத்திரியில் விழுங்கப் பழக்குகிற பெண் நிகத், "நாளைக்கு சோடா கொண்டாங்கக்கா. கேஸ் சுருக்குன்னு குத்தறதுல சில பேருக்குத் தொண்டை முழிச்சிக்கும். நான் இருக்கும்போதுதான் குடுக்கணும்" என்றாள். அதுவும் இறங்காவிட்டால் வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அவள் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது! ரயிலுக்குக் கிளம்பும் முன் கடைச் சோடாவைத் திறந்து, எலுமிச்சை பிழிந்து, கடைசியில் உப்பையும் போட்டாள், அவன் போடுகிற மாதிரியே. இத்தனை நாள் கழித்து பாவா வாயில் படப்போவது வெறும் சோடாவாகவா இருக்க வேண்டும்? பொங்கி வழிந்ததுபோக மிச்சத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வார்டில் நிகத் மூடியைத் திருகினாள். சத்தமே வரவில்லை. குமிழ் ஒன்றுகூட மேலே வரவில்லை. ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பும் எலுமிச்சையும் கலந்த பிறகும் தங்கள் ருசியோடு அப்படியே இருந்தன. காற்று மட்டும் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

"இது இப்போ தண்ணி மாதிரிதான்க்கா, பொரையேறும். உப்பு போட்டா கேஸ் போயிடும்னு உங்களுக்கே தெரியாதா?"

"ஆங், தெரியும்மா. அதுக்குத்தானே அவரோட இத்தினி வருஷமா சண்ட போட்டுகினு இருந்தேன்." அம்சா பாட்டிலைத் திரும்ப வாங்கி மூடினாள். "உப்பில்லாம பாவா குடிக்க மாட்டாரும்மா."

நிகத்துக்கு மேற்கொண்டு கோபித்துக்கொள்ள மனசு வரவில்லை. "வாசல்ல பொட்டிக்கடை இருக்குது, ஓடுங்க. தொறக்காம கொண்டாங்க" என்றாள்.

அம்சா ஓடினாள். திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. இந்த முறை மூடி புஸ்ஸென்று சீறியது. குணசேகரன் அந்தச் சத்தம் வந்த பக்கம் கண்ணைத் திருப்பினான்.

முதல் ஸ்பூன் கடைவாயில் வழிந்துவிட்டது. நிகத் துடைத்துவிட்டு இன்னொரு ஸ்பூன் ஊற்றினாள். அவன் முகம் சுருங்கியது. தொண்டை மேலே ஏறி அப்படியே நின்றது. அம்சா முருகா என்று சொல்லக்கூட மறந்து நின்றாள்.

அது கீழே இறங்கியது. இருமல் இல்லை. அடுத்த ஸ்பூனும் இறங்கியது, அதற்கடுத்ததும்.

கொஞ்ச நேரத்தில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி குணசேகரன் ஓர் ஏப்பம் விட்டான். சோடா வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்! நிகத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்சா அவன் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள்.

"இன்னொரு வாட்டி விடு பாவா" என்றாள்.