ஆளில்லாத சென்றியில் இறங்கினேன்

எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும், ஏறத்தான் தெரியாது. இதைச் சொன்னால் இப்போதும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு கல்லோ படிக்கட்டோ இருந்தால் அதில் காலை ஊன்றி ஏறி உட்கார்ந்துவிடுவேன். அதன் பிறகு என்னைப் பிடிக்க ஆளில்லை. வெறும் தரையில் நின்று, ஒரு காலை மிதியில் வைத்து, மற்றக் காலால் கெந்தி ஏறு என்றால் மட்டும் சைக்கிள் ஒரு பக்கம் விழும், நான் மறுபக்கம் விழுவேன்.

பிழை முழுக்க என்னுடையதல்ல. சைக்கிள் அண்ணியுடையது. அண்ணி நல்ல உயரம், நான் கட்டை. கலியாணமாகி வந்த கையோடு தன் உயரத்துக்கு ஏற்றி இறுக்கிய சீற் அது. திருகோணமலையின் கடற்காற்றில் துருப்பிடித்து அப்படியே பிடித்துக்கொண்டது. மூன்று கடைக்காரர்கள் எண்ணெய் விட்டுத் தட்டியும் அது ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. இதை நான் அண்ணாவிடம் சொன்னபோதெல்லாம் அவருக்கு ஒரே பதில்தான்.

"ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்."

நியமனக் கடிதம் வந்தது ஒரு சனிக்கிழமை. மூன்று வருடங்களாக நான் காத்திருந்த கடிதம். இலங்கைத்துறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியை. சண்டைக் காலத்துத் தபால் எங்கெங்கோ கிடந்து வந்ததில், கடமையேற்க வேண்டிய கடைசி நாளுக்கு இரண்டு நாள்தான் மிச்சம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுவதற்குள் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கவேண்டும். தவறினால் நியமனம் இரத்து. கடைசி வரியில் அப்படித்தான் இருந்தது.

மூதூர் வரைக்கும் குடாவைக் கடக்கும் மோட்டார்ப் படகு, லோஞ்ச், இருந்தது. அதற்கப்பால் இருபது மைல். அந்தப் பக்கத்துக்குப் பெற்றோல் போக விடுவதில்லை என்பதால் பஸ்ஸும் இல்லை, காரும் இல்லை.

"இருபது மைலோ? விசரே உனக்கு?" என்றார் அண்ணா. "வழி நெடுக சென்றி. ஒவ்வொரு சென்றியிலும் இறங்கவேணும். இறங்கினால் உன்னை ஆர் ஏத்திவிடுறது? கட்டைபறிச்சானுக்கு அங்கால தாண்டமாட்டாய். பேசாமல் வீட்டில இரு, மாப்பிள்ளை பார்ப்பம்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி குசினிக்குள்ளிருந்து, "சைக்கிள் என்ரை. அவள் கொண்டுபோகட்டும்" என்றார். அவ்வளவுதான், அந்தக் கதை முடிந்தது.

சென்றி என்றால் மண்மூட்டை அடுக்கிய இராணுவக் காவலரண். தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கி, தலையில் தொப்பி இருந்தால் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் எடுத்து, உருட்டிக்கொண்டே கடக்கவேண்டும். ஓடிக்கொண்டு போகிறவனை எவனென்று நினைப்பார்களோ என்ற பயம். வருடக்கணக்கில் செய்து செய்து அது எங்கள் உடம்பில் ஊறிவிட்டது. மண்மூட்டையைக் கண்டால் மூளை யோசிக்க முதல் கால் இறங்கிவிடும்.

திங்கட்கிழமை லோஞ்சில் சைக்கிளோடு ஏறினேன். பாவாடையும் சட்டையும் உடுத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக்கான சேலை மடிப்புக் குலையாமல் கரியரில் பைக்குள் இருந்தது. சோதனை, மறுபடி சோதனை, குடாவைக் கடந்து மூதூரில் இறங்கியபின்னும் சோதனை. எல்லாம் முடிந்து வெளியே வர மணி பத்து. பள்ளிக்கூடம் விடுவது ஒன்றரைக்கு.

இறங்குதுறைப் படியில் காலை வைத்து முதல்முறை ஏறினேன். ஊரெல்லையில் அடுத்த சென்றி. இறங்கி, உருட்டிக் கடந்து, ஏறுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு வேலியோரம் முக்காடு போட்ட அம்மா ஒருவர் நெல் குற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள தேடுற?"

"ஏறுறதுக்கு ஒரு கல்லு."

அவர் உலக்கையை வேலியில் சாத்திவிட்டு, உரலுக்குள் இருந்த நெல்லைச் சுளகில் கொட்டினார். உரலைக் கவிழ்த்து, உருட்டிக்கொண்டு வந்து றோட்டோரம் வைத்தார். "வா, இதுல ஏறு. விழுந்தா நான் சிரிப்பன், இப்பவே சொல்லிட்டன்." நான் விழவில்லை. ஆனாலும் அவர் சிரித்தார். வளைவு திரும்பும்வரை அந்தச் சிரிப்புக் கேட்டது.

கட்டைபறிச்சான் பாலத்துச் சென்றியைக் கடந்ததும் பாலத்தின் ஓரக் கட்டின் மேல் கால் வைத்து ஏறினேன். அங்கால தாண்டமாட்டாய் என்று அண்ணா சொன்ன இடம் அது. "தாண்டியாச்சு பாருங்கோ" என்று காற்றுக்குச் சொல்லிவிட்டு மிதித்தேன்.

அதற்கப்பால் வந்த றோட்டை எப்படிச் சொல்வது? வாகனமே இல்லாத றோட்டு. ஹோர்ன் இல்லை, புகை இல்லை, பின்னால் எது வருகிறதென்று திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. நடு றோட்டில் ஓடினேன். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக வளைந்து வளைந்தும் ஓடினேன், கேட்க ஆரிருக்கிறார்கள்? முதலில் வயல், பிறகு பனங்கூடல், அதற்குப் பிறகு மரமுந்திரிகைத் தோப்புகள். பழம் பழுத்து விழுந்து புளித்த வாசம் றோட்டு வரைக்கும் வந்தது. பாலைப்பழக் காலம் வேறு. கொப்பொன்று கைக்கெட்டும் உயரத்தில் தொங்கியது. ஓடிக்கொண்டே எட்டி ஒரு பிடி உருவி வாயில் போட்டேன். பால் உதட்டில் ஒட்டிப் பிசுபிசுத்தது. கச்சான் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. சண்டை நடக்கிற நாட்டில் ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று ஒரு கணம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கத்தை அடுத்த பாலை மரத்தடியில் விட்டுவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தப் பிழையை விட்டேன்.

ஒரு வளைவு திரும்ப, முன்னால் மண்மூட்டைகள். கால் இறங்கிவிட்டது. பையைத் துழாவி அடையாள அட்டையை எடுத்து, தலை குனிந்து, மரியாதையாக உருட்டிக்கொண்டு போனேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மூட்டைகள் கிழிந்து மண் கொட்டுண்டு கிடந்தது. கூரைத் தகரத்தைக் காணோம். உள்ளே ஒரு ஓணான் இருந்தது. எப்போதோ கைவிட்டுப் போன சென்றி! ஓணானுக்கு அடையாள அட்டை காட்டிவிட்டு நிற்கிறேன்.

சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அது போய்விட்டது. மணிக்கூட்டில் பன்னிரண்டே கால். இன்னும் ஐந்து மைல் இருக்கும். உருட்டிக்கொண்டு நடந்தால் ஒன்றரைக்குள் போய்ச் சேர ஏலாது. ஏறுவதற்கு அங்கே கல்லில்லை, மதகில்லை, உரல் வைத்திருக்கும் அம்மாவும் இல்லை. மண்மூட்டையில் கால் வைக்கலாம்தான். ஆனால் கைவிட்ட சென்றியைச் சுற்றி எதைப் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று ஆருக்குத் தெரியும்? றோட்டை விட்டு ஓரடிகூட இறங்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரிந்த பாடம். தார் றோட்டும் நானும் அந்த நாசமாய்ப் போன சீற்றும் மட்டுமே மிச்சம்.

கெந்தினேன், விழுந்தேன். மறுபடி கெந்தினேன், சைக்கிள் என் மேல் விழுந்தது. மூன்றாம் முறை முழங்கால் தேய்ந்து இரத்தம் வந்தது. றோட்டில் குந்தியிருந்து அழுதேன். மூன்று வருடம் காத்திருந்த வேலை, ஓர் ஓணானுக்கு மரியாதை கொடுத்ததால் போகப் போகிறது. அழுது முடிய, நல்ல காலம், கோபம் வந்தது. அண்ணாவைத் திட்டினேன். சைக்கிளைத் திட்டினேன். "நீ உயரமெண்டால் எனக்கென்ன? உன்ரை சீற் எனக்கு வேண்டாம், போ!" என்று சத்தமாகவே கத்தினேன்.

கத்திய பிறகுதான் புத்தியில் பட்டது. உண்மையில் எனக்கு ஏன் சீற்? நான் விழுந்ததெல்லாம் அந்தச் சீற்றை எட்டிப் பிடிக்கப் போய்த்தானே. சைக்கிளைப் பிடித்தபடி நாலு அடி ஓடினேன். இடது காலை மிதியில் வைத்து நின்றேன், சைக்கிள் உருண்டது. வலது காலை நடுவால் விட்டு மற்ற மிதியைத் தேடினேன், கிடைத்தது. சீற்றைப் பற்றி நினைக்கவே இல்லை. நின்றபடியே மிதித்தேன். இருபது முப்பது பாகம் தூரம் போய், வேகம் பிடித்தபின், மெல்ல எழும்பிப் பின்னால் உட்கார்ந்தேன். சீற் தன்பாட்டில் அங்கே இருந்தது.

"ஏறிட்டன்!" என்று கத்தினேன். தோப்புக்குள்ளிருந்து காகங்கள் கலைந்து பறந்தன. நம்பிக்கை வரவேண்டுமென்று, நேரம் போனாலும் பரவாயில்லையென்று, ஒருமுறை வேண்டுமென்றே இறங்கித் திரும்பவும் ஏறினேன். சரியாக வந்தது. பிறகு அந்த ஐந்து மைலும் பறந்தேன். இடப்பக்கம் மரங்களுக்கிடையில் கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது. பள்ளத்தில் இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு இறங்கினேன்.

பள்ளிக்கூடத்து அதிபர் அலுவலகத்துக்குள் பதிவேட்டை மூடி அலுமாரிக்குள் வைக்கப் போய்க்கொண்டிருந்தார். வாசலில் புழுதியும் இரத்தமுமாக, உதட்டில் பாலைப்பழப் பிசினோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆர் நீங்கள்?"

"புதுக் கணித ரீச்சர், சேர்."

"சேலை கட்டவில்லையோ?"

"பைக்குள்ள இருக்கு சேர். முதல்ல கையெழுத்து."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்று இருபத்திரண்டு. பதிவேட்டை விரித்துப் பேனையைத் தந்தார். என் பெயரை அவ்வளவு பெரிதாக நான் அதற்கு முதலும் எழுதியதில்லை, பிறகும் எழுதியதில்லை.

அந்தக் கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடொன்றில் தங்கிப் படிப்பித்துவிட்டு, வெள்ளிக்கிழமை அதே றோட்டால் திரும்பினேன். ஆளில்லாத சென்றியில் இந்தமுறை இறங்கவில்லை. கால் துடித்தது, நான் விடவில்லை. ஓணானைப் பார்த்து மணியடித்துவிட்டுப் போனேன்.

பின்னேர லோஞ்ச் திருகோணமலையில் அணைந்தபோது இறங்குதுறைக்கு வெளியே அண்ணா நின்றார். கையில் எங்கள் வீட்டுக் குசினி முக்காலி. அண்ணி இருந்து தேங்காய் துருவும் முக்காலி. நக்கலுக்குக் கொண்டுவந்தாரா, பாவமென்று கொண்டுவந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"கையெழுத்து வைச்சனியோ?" என்றார்.

"ஓம், வைச்சனான்."

அவர் முகம் மலர்ந்துதான் போனது. அதை மறைக்கக் குனிந்து, முக்காலியை என் சைக்கிளுக்குப் பக்கத்தில் வைத்தார். "சரி, ஏறு."

நான் சைக்கிளை முக்காலியிலிருந்து நாலு அடி தள்ளி உருட்டிக்கொண்டு போனேன். ஓடினேன், மிதியில் நின்றேன், உருண்டேன், உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். அண்ணா வாயைத் திறந்தபடி நின்றார். சென்றிக்காரன் ஒருவன் அவரைக் கூப்பிட்டு, அந்த முக்காலியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் அண்ணி நின்றார். முக்காலி எங்கே போனதென்று அவருக்குத் தெரியும். நான் சைக்கிளை நிறுத்தி இறங்கியதும், "ஏறினியோ?" என்று கேட்டார்.

"ஏறினனான்."

அண்ணி என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். அண்ணா முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்துசேர இன்னும் அரை மணித்தியாலம் எடுத்தது.