கோப்பை அவளுடையது, டூல் யாருடையது?

ஒரு தகரக் கொட்டகை, ஒரே ஒரு பழைய லேத், பாதி நாள் கரன்ட் இருக்காது. அப்படித்தான் ஆரம்பித்தேன். இன்று ஓசூரில் சொந்த ஷெட், உள்ளே சிஎன்சி மெஷின்கள், வாசலில் என் பெயர் போட்ட போர்டு. மத்திகிரியில் 'இங்கே தண்ணியே வராது' என்று எல்லோரும் கைவிரித்த மனையில் போர் போட்டுத் தண்ணீர் பார்த்தேன். அதே மனையில் மாடி வீடும் கட்டினேன். பர்கூர் குவாரிக்காரர்கள் மெஷின் உடைந்தால் முதலில் தேடுவது என்னைத்தான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் வாராவாரம் பத்தி எழுதுகிறேன்... நீங்களும் படிக்கிறீர்களே!

தெரிந்த கதைதான். இருந்தாலும் சொல்வேன். நான் சொல்லாவிட்டால் யார் சொல்லப் போகிறார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வரிசையில் ஒரு கோப்பையும் சேர்ந்தது. பூட்டுத் திறக்கும் போட்டியில் முதல் பரிசு!

முகத்தைச் சுளிக்காதீர்கள். திருட்டு வேலை இல்லை, பொழுதுபோக்கு. சாவி இல்லாமல், மெல்லிய கம்பிகளை வைத்துப் பூட்டைத் திறப்பது. பூட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும், கதவில் மாட்டியிருப்பதைத் தொடவே கூடாது — இதுதான் சட்டதிட்டம். என் மருமகள் ஜெனிபருக்கு இதில் தீராத பைத்தியம். கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. வீட்டுக்கு வந்தால் கையில் பூட்டு.

பக்கத்து வீட்டு கிருஷ்ணப்பா காம்பவுண்ட் சுவருக்கு மேலே தலையை நீட்டுவார்.

"ஏனு சார், மருமவளுக்கு வேற வேலையே கெடைக்கலியா?"

"பயப்படாதீங்க கிருஷ்ணப்பா. உங்க வூட்டுப் பூட்டுக்கு டூலே வேணாம். ஊதுனா தொறந்துக்கும்."

அன்று சாயந்திரமே அவர் புதுப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டார்.

முதல் தடவை பெங்களூருப் போட்டிக்குப் போன ஜெனிபர் கடைசி இடத்தில் வந்தாள். அழவில்லை. ஆனால் ஜிப் போட்ட தன் டூல் பையைப் பரண்மேல் தூக்கி வைத்துவிட்டாள். "இன்னொரு வாட்டி போறேன் மாமா. அதுலயும் இப்பிடியே ஆச்சுன்னா இத வுட்டுடுவேன்" என்றாள்.

நான் பையை இறக்கிப் பார்த்தேன். என் மகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தது. கொக்கி, பாம்பு, அரைவட்டம், வைரம் என்று சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கம்பிகள். பளபளப்புக்குக் குறைச்சலே இல்லை. ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினேன், ஈயம் மாதிரி வளைந்தது. இன்னொன்று வளையவில்லை. ஆனால் பூட்டின் சாவி ஓட்டைக்குள் நுழையவே இல்லை, அவ்வளவு தடிப்பு!

நம் ஆட்கள் எதைத் தொடங்கினாலும் முதலில் பையைத்தான் வாங்குகிறார்கள். வாக்கிங் போக வேண்டுமா? ஷூ, தொப்பி, கையில் வாட்ச். நடை மட்டும் பாக்கி இருக்கும்.

பூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஜெனிபரிடம் கேட்டேன். ஸ்பிரிங்கில் சின்னச் சின்ன பின்கள் நிற்குமாம். ஒரு கம்பியால் பூட்டை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பின்களை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டுமாம். அப்படியானால் கற்றுக்கொள்கிறவருக்கு எதற்கு இத்தனை? வளைவு சின்னதாக ஒரு கொக்கி, கொஞ்சம் பெரிதாக ஒன்று, நெளிநெளியாக ஒன்று, திருப்பிப் பிடிக்க அகலமும் ஒடுக்கமுமாக இரண்டு பட்டை. போதும். ஆனால் இரும்பு நல்ல இரும்பாக இருக்க வேண்டும். மலிவாக வாங்குவது வேறு, கட்டுப்படியாக வாங்குவது வேறு. அந்த வித்தியாசம் தெரிந்ததால்தான் எனக்கு ஷெட் இருக்கிறது.

முதலில் பழகுவதற்குப் பூட்டு. பாகலூர் ரோட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"நல்ல பூட்டா குடுக்கட்டுங்களா?"

"வேணாம்பா. மட்டமான பூட்டு குடு. லேசுல தொறந்துக்கணும்."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி வருசத்துல இப்பிடி யாரும் கேட்டதில்லீங்க" என்றவர், பெரிய திண்டுக்கல் பூட்டை எடுத்து வைத்தார். அதைத் தள்ளிவிட்டேன். அது உள்ளே பின் இல்லாத லீவர் பூட்டு, அதற்கு டூலே வேறு. சின்னப் பித்தளைப் பூட்டுகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்தது டூல். என் ஷெட்டில் ஃபீலர் கேஜ் கிடந்தது. பைக் மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்ப்பார்களே, விசிறி மாதிரி விரியும் மெல்லிய தகடுகள்... அதுதான். தேய்ந்துபோய்ச் சோதனையில் ஃபெயிலான கேஜ். அதனால் தகடுகளின் வாலில் சிவப்பு பெயின்ட் அடித்து ஒதுக்கியிருந்தோம். அருமையான ஸ்பிரிங் இரும்பு! ஒரு தகட்டை விட்டுப் பார்த்தால் சாவி ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது.

ஜெனிபர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ மாமா, செவப்பு! ரிஜெக்ட் பீஸு. இதத் தொட்டாலே எங்க கம்பெனில மெமோ குடுப்பாங்க."

"அளக்கறதுக்குத்தான்மா ரிஜெக்ட். பூட்டுக்கு யாரு ரிஜெக்ட் பண்ணது?"

"இருந்தாலும்... கை வர மாட்டேங்குது மாமா."

ஓசூரில்தான் இப்படி ஒரு சிக்கல் வரும். சிவப்பைக் கண்டால் கம்பெனி ஆட்களின் கை தானாக நின்றுவிடும். ரோட்டில் சிக்னலுக்கு நிற்காதவர்கள்கூட! சரி என்று தகடுகளைக் கிரைண்டரில் பிடித்தேன். சூடேறி நிறம் நீலமாக மாறினால் இரும்பு செத்துவிடும். தண்ணீரில் முக்கி முக்கிப் பொறுமையாகத் தேய்த்தேன். கார் வைப்பருக்குள் இருக்கும் ஸ்டீல் பட்டையை வைஸில் இறுக்கி மடித்துத் திருப்பும் கம்பி செய்தேன். சிவப்பை மட்டும் சுரண்டவில்லை. செய்தவன் அடையாளம் ஏதாவது இருக்க வேண்டாமா?

இரண்டு நாள் அது டிவி மேலேயே கிடந்தது. மூன்றாம் நாள் சமையலறையில் 'டக்' என்று சத்தம். பித்தளைப் பூட்டு வாயைப் பிளந்திருந்தது. ஜெனிபரும்தான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பூட்டுத் திறக்க வராது. என் கை போல்ட் முறுக்கிய கை. லேசாகப் பிடி என்றால் பிடிக்காது. திறமை முழுக்க அவளுடையது.

போன ஞாயிறு அடுத்த போட்டிக்குக் குடும்பத்தோடு அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு போனோம். பெங்களூருப் பையன்கள் தோல் உறையில் வெளிநாட்டு டூல் வைத்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் ஒடுக்கமான, பாம்பு மாதிரி நெளிந்த சாவி ஓட்டையுள்ள பூட்டைக் கொடுத்தார்கள். பையன்களின் கம்பி உள்ளே போய்த் திரும்ப இடமில்லை. முட்டுகிறது, சிக்குகிறது. ஜெனிபரின் சிவப்பு வால் தகடு புகுந்து விளையாடியது. 'டக்'!

நான் போட்ட விசிலில் நடுவரே திரும்பிப் பார்த்தார்.

மேடையில் ஜெனிபர் மைக்கைப் பிடித்தாள். கணவனுக்கு நன்றி. டீ போட்டுக் கொடுத்த அத்தைக்கு நன்றி. ராத்திரி 'டக் டக்' சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட கிருஷ்ணப்பா அங்கிளுக்கும் நன்றி! நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன். தோற்ற பையன் ஒருவன் கேட்டான்: "அக்கா, அந்த ரெட் கலர் டூல் என்ன பிராண்ட்? எங்க வாங்குனீங்க?"

"வாங்கலப்பா. வீட்ல இருந்துச்சு."

அவ்வளவுதான். இறங்கிவிட்டாள்.

வீட்டில் இருந்ததாம்! மாமரமா அது, தானாகக் காய்க்க?

ஜெனிபர், நீ இந்தப் பத்தியை ஞாயிறு காலையில் முதல் ஆளாகப் படிப்பாய் என்று தெரியும். கோப்பையின் அடியில், உன் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது. ஷெட்டில் எழுத்துப் பொறிக்கும் மெஷினும் இருக்கிறது. நானே பொறித்துக்கொள்ளலாம். மாட்டேன். அடுத்த போட்டியில் நீ சொல்ல வேண்டும், 'டூல் எங்க மாமா செஞ்சது' என்று.

மைக்கில்.